கூலிக்கு ஓடும் தறி, தனக்கென ஓடும் காளை

சோமனூரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவரின் கணக்கு வெளியூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. தறி அவருடையது. குடோன் சொந்தமாகவோ வாடகைக்கோ அவர் வைத்திருப்பது. மின்கட்டணம், உதிரிபாகம், ஆள்கூலி எல்லாம் அவர் தலையில். ஆனால் பாவு நூல் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. ஊடை நூலும் அங்கிருந்தே வருகிறது. நெய்து இறக்கிய காடாத் துணியும் அங்கேயே திரும்பிப் போகிறது. தறிக்காரர் கையில் நிற்பது மீட்டருக்கு இத்தனை என்று வரும் கூலி மட்டும்தான். அதையும் அவர் தனியாகப் பேசி வாங்க முடியாது. சங்கங்களும் உற்பத்தியாளர்களும் ஆட்சியர் முன்னிலையிலோ அமைச்சர் முன்னிலையிலோ உட்கார வேண்டும். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று பேசி முடித்தார்கள். பேசியது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் கூலிக்காக மறுபடியும் நின்றன.

இந்தக் கணக்கு நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் பின்புறம் போனால் அங்கே வேறொரு கணக்கு நடந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டுக் கட்டுத்தரையில் சோடி ரேக்ளாக் காளைகள். இன்னொரு வீட்டு மொட்டைமாடியில் பந்தயப் புறாக்கூண்டு. வேறொரு வீட்டில் கிளிமூக்குச் சேவல். இளவட்டங்களிடம் என்றால் பழைய புல்லட்டோ விலை கூடிய கேமராவோ இருக்கும். தறியில் மிஞ்சியது அங்கே போகும். மிஞ்சாத மாதத்தில் கைமாற்று வாங்கியாவது போகும். "கணக்குப் பாத்தா மாடு வெக்க முடியுங்களா?" என்ற பேச்சு கொங்கு நாட்டில் மாடு வைத்திருப்பவர்களிடம் சாதாரணமாகக் காதில் விழுவது.

கூலியில் சில பைசாவுக்காக வாரக்கணக்கில் தறியை நிறுத்திவைக்கத் துணிகிறவர், காளைக்குக் கொட்டிக்கொடுக்கும்போது மட்டும் ஏன் கணக்குப் பார்ப்பதில்லை? பித்து, கிறுக்கு, வீண் ஜம்பம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இந்தக் கட்டுரை வேறொன்றைச் சொல்ல முயல்கிறது. பிழைப்பில் தன் தீர்மானத்துக்கு இடமில்லாமல் போகும்போது, தன் தீர்மானம் செல்லுபடியாகும் ஓரிடத்தை மனிதர் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அந்த விலை தகுமா தகாதா என்பதைத் தொகையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. போட்ட பணம் என்னவாக மாறுகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

நெசவாளரும் அவரது பித்தும்

நெசவுக்கும் இத்தகைய பித்துக்கும் உறவு பழையது. 1685-இல் பிரான்சில் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டுரிமை பறிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் லண்டனுக்குத் தப்பி வந்தார்கள். அவர்களில் பட்டு நெசவாளர்கள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறினார்கள். அந்த ஏழைத் தெருக்கள் பூச்செடிக்கும் பாடும் பறவைகளுக்கும் பேர்போனவையாக இருந்தன. 1717-இல் அங்கே ஒரு கணிதக் கழகம் தொடங்கியது. உறுப்பினர்களில் பலர் நெசவாளர்கள். அந்த வட்டாரத்தில் பிறந்து பட்டுத் தறியில் இருந்த ஜான் டாலண்ட், ஓய்வு நேரத்தில் கணிதமும் ஒளியியலும் படித்தார். 1752-இல் தறியை விட்டுவிட்டு மகனின் கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். நிறப்பிழை இல்லாத தொலைநோக்கி வில்லைக்கு 1758-இல் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கமும் கிடைத்தது.

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நெசவாளர்கள், இதழ்விளிம்பில் சரிகை ஓடினாற்போன்ற கோடுள்ள ஒருவகைப் பூவை வளர்த்துப் புதிது புதிதாக ரகங்களை உண்டாக்கினார்கள். லங்காஷயர் கைத்தறிக்காரர்கள் செடிகளின் லத்தீன் பெயர்களைத் தலைகீழாகச் சொல்வார்கள். நெல்லிக்காய் போன்ற ஒரு காயை யார் அதிக எடைக்கு வளர்ப்பது என்று அவர்களுக்குள் போட்டி நடக்கும். ஓல்டம் நெசவாளர்கள் தறிமேல் நியூட்டனின் நூலை விரித்து வைத்துக்கொண்டு நெய்வதை எலிசபெத் காஸ்கெல் 1848-இல் வெளியான 'மேரி பார்ட்டன்' நாவலில் எழுதியிருக்கிறார்.

இவர்களுக்கும் சோமனூருக்கும் ஒற்றுமை ஒன்று உண்டு, வேற்றுமை ஒன்று உண்டு. ஒற்றுமை, தறி வீட்டோடு இருப்பது. தொழிற்சாலைச் சங்கு ஊதி வேலைக்குக் கூப்பிடாத இடத்தில் நாளின் நடுவே அரைமணி நேரத்தைத் திருடி ஒரு செடியையோ மாட்டையோ பார்த்துவிட்டு வரலாம். வேற்றுமை, கைத்தறிக்காரரின் நேரம் அவர் கையில் இருந்தது, விசைத்தறிக்காரரின் நேரம் தறியின் கையில் இருக்கிறது. இழை அறுந்தால் போய்ப் பிணைக்க வேண்டும். நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். கரண்ட் போனால்தான் காதுக்கும் காலுக்கும் ஓய்வு. மாட்டுக்கான நேரம் விடியலுக்கு முன்னால்தான் கிடைக்கும்.

நூல் இன்னொருவருடையது, துணி இன்னொருவருடையது, விலை இன்னொருவர் சொல்வது என்ற நிலை அந்தப் பழைய நெசவாளர்களுக்கும் பெரும்பாலும் இருந்தது. வியாபாரி தரும் நூலை நெய்து கொடுத்துக் கூலி வாங்கியவர்களே அவர்களில் மிகுதி. பூவோ பறவையோ வில்லையோ அப்படி இல்லை. அதில் எது நல்லது, எது மட்டம் என்று முடிவு செய்தவர் அவரே. சோமனூர்க்காரரின் காளையும் அப்படித்தான்.

காளையின் கணக்கு

ரேக்ளா என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால்: இரண்டு காளைகளைப் பூட்டிய எடை குறைந்த சிறு வண்டி, அதில் ஒரே ஒரு சாரதி, நேர்ப்பாதையில் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் ஓட்டம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். பக்கத்தில் ஓடும் வண்டியை முந்தும் பந்தயமாக இல்லாமல் கடிகாரத்தோடு நடக்கும் பந்தயம் இது. மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள். பிரிவும் அதை ஒட்டியே அமையும். கொடி இறங்கினால் அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள வித்தியாசம் நொடியின் சிறு பின்னமாக இருக்கும். பரிசு தங்கக்காசு, மோட்டார் சைக்கிள் என்று போகும்.

இந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் ஓடும் செலவு இருக்கிறது. பேர்போன ஓட்டக்காளையின் விலை லட்சங்களில் தொடங்கும். அதன்பின் தீவனம். சோளத்தட்டு, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கொள்ளு, உளுந்தம்பொட்டு. பந்தய நாள் நெருங்கினால் முட்டையும் பேரீச்சையும் சேரும். ஒரு காளைக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். சோடிக்கு ஆண்டுக்கு 2,92,000 ரூபாய் ஆகிறது. லாடம், வண்டி, மருத்துவர், பந்தயத்துக்கு ஏற்றிப்போகும் வாகன வாடகை, கூட வருபவர்களின் சாப்பாடு எல்லாம் தனி. ஆண்டில் ஒரு மோட்டார் சைக்கிளை வென்றாலும் இந்தக் கணக்கு நேராகாது.

பணத்தைவிடப் பொறுமையைக் கேட்கிற சங்கடங்கள் வேறு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல ஓட்டக்காளைகள். ஒரே நுகத்தடியில் பூட்டினால் ஒன்று முன்னே இழுக்கும், மற்றது பக்கவாட்டில் ஒதுங்கும். சோடி சேரவில்லை என்றால் ஒன்றை விற்று இன்னொன்று தேட வேண்டும், அது கிடைப்பதற்குள் பந்தயப் பருவம் போய்விடும். சோடி சேர்ந்து ஓடத் தொடங்கும் வேளையில் ஒரு காலில் வீக்கம் வரும். கோமாரி வரும். 2022-இல் வடமாநிலங்களைத் தாக்கிய தோல் கழலை நோய் போன்ற ஒன்று வந்தால் சந்தையே மூடப்படும். நம்பிய சாரதி அடுத்த ஊர்ச் சோடிக்கு மாறிப்போவார்.

சட்டமும் ஒருமுறை குறுக்கே வந்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் நாகராஜா வழக்கில் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் நடந்த மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. தடை இருந்த காலத்தில் ஓட்டக்காளை வைத்திருந்தவர்கள் ஓட விட முடியாத மாட்டுக்குத் தீவனம் போட்டார்கள், அல்லது வந்த விலைக்குக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே கிடைப்பது என்ன? விடியற்காலையில் கட்டுத்தரைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது சாணத்தை. இறுகலா, இளகலா என்று பார்த்து அன்றைய தீவனத்தைக் கூட்டுவார், குறைப்பார். பிறகு தண்ணி காட்டுவார். காளை எவ்வளவு குடிக்கிறது, எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது, திமிலைத் தொட்டால் தோல் சிலிர்க்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். அந்த மாற்றத்தின்போதே இது நிற்கும் மாடா, ஓடும் மாடா என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. இந்தக் கண் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஆண்டுக்கணக்கில் நட்டப்பட்டுத்தான் வரும். ஊரில் ஒருவர் மாடு வாங்கப் போனால் "அவரைக் கூட்டிட்டுப் போங்க" என்ற பேச்சு வரும். துணியின் தரத்தைப் பற்றி அவரை யாரும் கேட்பதில்லை, காளையின் தரத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள்.

பொதுப்பயன் ஒன்றும் உண்டு என்று ரேக்ளாக்காரர்கள் வாதிடுவார்கள். டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலை இல்லை, வேலை இல்லாத கன்று நேரே அடிமாட்டுக்குப் போகும், பந்தயம் ஒன்றுதான் அதற்கு விலை வைக்கிறது என்பது அவர்கள் கட்சி. கிளுவை வேலியிட்ட கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலமும் அதில் மேயும் காங்கேயம் மாடும் ஒன்றை ஒன்று நம்பியிருப்பவை. மாட்டுக்கு மதிப்பு இல்லாமல் போனால் மேய்ச்சல் நிலம் மனையாகிவிடும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லிக் காளையின் வலியை மறைத்துவிடவும் முடியாது. புறாவுக்கும் காளைக்கும் கேமராவுக்கும் உள்ள வித்தியாசம், கேமராவுக்கு நோகாது என்பதுதான். தார்க்குச்சியும் முறுக்கிய வாலும் இல்லாமல் ஓடாத மாடு, ஓட்டத்துக்குப் பழகாத மாடு. அதை அடித்து ஓட வைப்பவர் தன் கைத்திறமையின் குறையைத்தான் காட்டுகிறார்.

ஏன் விட முடிவதில்லை

மனசு எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதை அறிவியல் ஓரளவு விளக்கியிருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் எதிர்பாராத பரிசு வந்தால் துள்ளுகின்றன. வரும் என்று தெரிந்த பரிசு வந்தால் சும்மா இருக்கின்றன. வரும் என்று நம்பியது வராவிட்டால் துவள்கின்றன. மாதக்கூலி முதல் வகைக்குள் வராது. சோடி என்றைக்குச் சேர்ந்து ஓடும் என்று தெரியாத பந்தயம் வரும். பத்து முறை தோற்று ஒருமுறை ஜெயித்தவரால் விட முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் போட்ட பணம். 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு சோதனை செய்தார்கள். பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், மற்றவர்களுக்குத் தள்ளுபடி விலைக்கும் சீட்டுக் கொடுத்தார்கள். பருவத்தின் முதற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது. மூன்று லட்சம் போட்டு வாங்கிய காளை ஓடாது என்று தெரிந்த பின்னும் இன்னொரு பருவத்துக்குத் தீவனம் போடுவது இதே இழுப்புதான்.

ஆனால் இவை இரண்டும் பாதிக் கதை. மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1958-இல் பாலித் தீவில் சேவற்சண்டையைப் பார்த்துவிட்டு, 1972-இல் எழுதிய கட்டுரை மீதியைச் சொல்கிறது. புத்தியுள்ள எவரும் இறங்கக் கூடாத அளவுக்குப் பணயம் பெரிதான ஆட்டத்தில் பாலிக்காரர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்று கேட்ட அவர், அங்கே பணயம் வைக்கப்படுவது மானமும் உறவும் ஊர்மதிப்புமே என்றார். பணத்தை மட்டும் குறிவைத்துப் பணயம் கட்டுகிற சூதாடிகளை அந்த ஊர்ச் சேவல்காரர்களே மதிப்பதில்லை என்பதையும் குறித்தார். இந்தப் பாகுபாடு நமக்கு வேண்டியது.

பித்து தொழிலாவது

சோமனூர் இருக்கும் அதே சூலூர் வட்டாரத்தில் கலங்கல் என்ற ஊர் இருக்கிறது. 1893-இல் ஜி.டி. நாயுடு பிறந்த ஊர். ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கியவர் அவர். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. ஆணி ஆணியாகப் பிரித்து மறுபடி பூட்டினார். அன்றைய நிலையில் அவர் வருமானத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத செலவு அது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை விட்டார். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். கேமராப் பித்தும் கடைசிவரை போகவில்லை. கோவை அவிநாசி சாலையில் இருக்கும் கார் அருங்காட்சியகம் அவர் குடும்பத்தின் வாகன ஆர்வத்துக்கு இன்றைய சாட்சி.

அடுத்தது ஒரு மில் குடும்பத்துப் பித்து. 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-இல் பிறந்தவர் எஸ். கரிவரதன். கார்ப் பந்தயம் காசை எரிக்கும் விளையாட்டு என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் குறைவு. சோழவரத்தில் இறக்குமதிக் கார்களும் பெரும்பணமும் ஓடிய காலம் அது. விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார். கரிவரதன் எதிர்த்திசையில் யோசித்தார். 1980களின் இறுதியில், ஊர்ச் சந்தையில் கிடைக்கும் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கோவையிலேயே வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எஞ்சின் பழுதானால் தெருமுனை மெக்கானிக்கிடம் பாகம் கிடைக்கும். அதுவரை பணக்காரர் மட்டும் தொட்ட விளையாட்டு, கொஞ்சம் வசதி உள்ளவரும் தொடும் தூரத்துக்கு இறங்கி வந்தது.

1995-இல் இலகுரக விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் அவரது விமான ஓடுதளம் இருந்த இடத்தில் இன்று கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர் தடம், 2003-இல் திறந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன், தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனின் ராலி மோகத்தில் வளர்ந்து, முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். டயர்த் தகராறில் மற்ற அணிகள் விலகிவிட, ஓடியவை ஆறே கார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாயுடுவும் கரிவரதனும் போட்ட பணம் கைவேலையாக மாறியது. கைவேலை பட்டறையாக மாறியது. பட்டறையில் இன்னும் நாலுபேர் கற்றுக்கொண்டார்கள். இதை வெற்றிக்கதை என்று நான் காட்டவில்லை. செலவழித்த எல்லாரும் நாயுடு ஆகமாட்டார்கள். ஆனால் செலவு எந்தத் திசையில் போனால் ஊருக்கும் வீட்டுக்கும் மிச்சம் இருக்கும் என்பது இதில் தெரிகிறது. கரிவரதனின் பெரிய சாதனை வேகத்தில் இல்லை. விலையைக் குறைத்ததில் இருக்கிறது.

பந்தயம் கட்டுகிற இடம்

மறுபக்கத்தில் பந்தயம் கட்டுதல் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் கரூர் மாவட்டம் பூலாம்வலசு சேவல்கட்டுக்குக் கொங்கு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் திரள்வார்கள். சேவலை ஆண்டு முழுவதும் வளர்த்தவரும் அங்கே இருப்பார். சேவலையே அறியாமல் கைக்காசை வைப்பவரும் இருப்பார். முதலாமவர் தோற்றால் சேவலும் உழைப்பும் போகும், அறிவு மிஞ்சும். இரண்டாமவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்த இரண்டாம் வகையைத்தான் கைப்பேசி வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுத்தது. ஷிப்டு நடுவே, தறிச் சத்தத்துக்கு நடுவே ஆடிவிடக்கூடிய ஆட்டம் அது. கட்டுத்தரை வேண்டாம், பொறுமை வேண்டாம், தோழர்கூட வேண்டாம்.

சட்டம் கோடு போடுவது திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவில். 1996-இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று சொன்னது அந்தக் கோட்டை வைத்துத்தான். நீதிமன்றத்துக்கு அந்தக் கோடு போதும். வீட்டுக்குப் போதாது. திறமையான ஆட்டத்திலும் வீடு முழுகும்.

சேவல்காரர்களே ஒரு மாற்றைக் கண்டிருக்கிறார்கள். கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குத் திண்டுக்கல் பகுதியில் கண்காட்சிகள் நடக்கின்றன. சண்டை கிடையாது. மூக்கின் வளைவு, கண்ணின் நிறம், வாலின் நீளம், நிற்கும் தோரணை இவற்றைப் பார்த்துப் பரிசு. நல்ல சேவலுக்கு விலை லட்சத்தைத் தொடுகிறது. பெய்ஸ்லி நெசவாளர் பூவில் செய்ததை இவர்கள் வாலில் செய்கிறார்கள். பெட்டையும் குஞ்சும் விற்பதில் பலர் போட்ட காசை ஓரளவு எடுத்தும் விடுகிறார்கள்.

வீட்டுக் கணக்கு

இதுவரை 'அவர்' என்று எழுதிய இடமெல்லாம் ஆண். அது தற்செயல் இல்லை. திருப்பூர் முதலாளிகளைப் பற்றி 2004-இல் நூல் எழுதிய சரத் சாரி, கவுண்டர் சமூகத்து முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக 'உழைப்பு' என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னதைக் கவனித்தார். உழைப்பை இவ்வளவு போற்றுகிற ஊரில் சும்மா இருப்பது வெட்கம். அதனால்தான் இங்கே பொழுதுபோக்கும் உழைப்பின் வேடத்தில் வருகிறது. விடியலில் எழுவது, மாட்டைத் தேய்ப்பது, நடத்திப் பழக்குவது. பார்ப்பவர் யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது.

அந்த உழைப்பில் பாதி வீட்டுப் பெண்களுடையது. சாணி அள்ளுவது, தீவனம் ஊறவைப்பது, ஆண்கள் பந்தயத்துக்குப் போன நாளில் தறியையும் மற்ற மாடுகளையும் பார்ப்பது அவர்களே. பந்தய மேடையில் மாலை விழுவது அவர்கள் கழுத்தில் இல்லை. பணம் தட்டும்போது அடகுக்கடைக்குப் போவது மட்டும் அவர்கள் கழுத்து நகை. தறி ஓட்ட வந்த வெளியூர்த் தொழிலாளிக்கும் இதில் பங்குண்டு. பருவத்தில் மாட்டுக்குப் போன பணம் சில சமயம் அவருடைய வாரக்கூலியின் தாமதமாக வெளிப்படும். ஒருவர் தன் தீர்மானத்துக்கென்று ஓரிடம் தேடுகிறார் என்பது நியாயமான தேவை. அந்த இடத்துக்கான வாடகையை அந்தத் தீர்மானத்தில் பங்கே இல்லாதவர்கள் கட்டுவது நியாயம் ஆகாது.

2023-இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அப்படியும் கட்டுப்படியாகாமல் தறியை எடைக்குப் போட்டவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவரிடம் "பொழுதுபோக்கே வேண்டாம், மிச்சம் பிடி" என்று புத்தி சொல்வது கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. கூலியும் நூலும் விலையும் இன்னொருவர் கையில் இருக்கும்வரை மனிதர் தனக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆகவே இந்த ஆய்வின் முடிவு இது. செலவு மிக்க பித்து தன்னளவில் கேடு இல்லை. போட்ட பணம் கண்ணறிவாகவும் கைத்திறமையாகவும் பிறருக்குச் சொல்லித்தரும் விஷயமாகவும் மாறினால் அது வரவு. பணயமாக மாறினால் நட்டம். நட்டத்தைச் செய்தவரே தாங்கினால் அது அவர் சொந்த விஷயம். வீட்டார் நகையும் தொழிலாளி கூலியும் மாட்டின் முதுகும் தாங்கினால் அது அநியாயம். பந்தயம் நடத்தும் சங்கங்கள் கால்நடை மருத்துவர் இல்லாமல் கொடியை இறக்கக் கூடாது, வெளியே பணயம் கட்டுகிறவர்களைக் களத்துக்குள் விடக் கூடாது. மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல மூன்றே விஷயம் உண்டு. தறியை அடகு வைத்துக் காளை வாங்காதீர்கள். வாங்கிய காளையின் செலவை வீட்டில் மறைக்காதீர்கள். சனிக்கிழமைக் கூலியைக் கொடுத்து முடித்த பிறகு பருத்திக்கொட்டை வாங்குங்கள்.